பின் கதவு சைல்ட் லாக்: தேடுவது, போடுவது, சோதிப்பது

ஒரு நாள் என் காரின் பின் கதவு உள்ளேயிருந்து திறக்க மறுத்தது. கைப்பிடி கையோடு வருகிறது, கதவு மட்டும் அசையவில்லை. உள்ளே கேபிள் அறுந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வெளியிலிருந்து கதவைத் திறந்தார், விளிம்பில் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைக் கட்டைவிரல் நகத்தால் தட்டினார், "அவ்வளவுதான் சார், எடுத்துட்டுப் போங்க" என்றார். காரைத் துடைக்கும்போது துணி பட்டு அது நகர்ந்திருக்க வேண்டும். வாங்கி இரண்டு வருடமாகியும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தத் துண்டுதான் சைல்ட் லாக். பெயரைப் பார்த்துக் கதவையே பூட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கதவின் உள்பக்கக் கைப்பிடிக்கும் பூட்டுக்கும் உள்ள தொடர்பை மட்டும் அது துண்டிக்கிறது. வெளிக் கைப்பிடி வழக்கம்போல வேலை செய்யும். "அதான் எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டும் சென்ட்ரல் லாக் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். பல கார்களில் சென்ட்ரல் லாக் போட்டிருந்தாலும் உள் கைப்பிடியை ஒரு முறையோ இரண்டு முறையோ இழுத்தால் கதவு திறந்துவிடும். கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் பார்க்கும் குழந்தைக்கு இரண்டு முறை இழுப்பது பெரிய விஷயமா?

படி 1: இருக்கும் இடத்தைத் தேடுங்கள்

காரைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, பின் கதவை அகலமாகத் திறங்கள். கதவு மூடியிருக்கும்போது காரின் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும் அந்தக் குறுகிய பக்கத்தைப் பாருங்கள். பூட்டின் கொக்கி இருக்கிறதே, பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ இருக்கும். பக்கத்தில் ஒரு குழந்தைப் படமோ பூட்டுப் படமோ அம்புக்குறியோ பொறித்திருப்பார்கள். கறுப்பின் மேல் கறுப்பாக இருப்பதால் செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. முன் கதவுகளில் தேட வேண்டாம், அங்கே இருக்காது.

படி 2: போடுங்கள்

சின்ன லீவராக இருந்தால் விரலால் மேலேயோ கீழேயோ தள்ளினால் போதும். சாவித் துளை மாதிரி ஒரு பிளவு மட்டும் தெரிந்தால், கார் சாவியின் நுனியையோ தட்டை ஸ்க்ரூடிரைவரையோ அதில் வைத்து அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்புங்கள். முழுதாகத் திரும்பி நிற்கும் வரை திருப்ப வேண்டும், பாதியில் விட்டால் கணக்கில் வராது. சில கார்களில் இந்த வேலையே இல்லை. ஓட்டுநர் கதவில் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் விளக்கு எரியும்.

இடது கதவில் போட்டால் வலது கதவிலும் விழுந்துவிடும் என்பது பட்டன் வைத்த கார்களில் வேண்டுமானால் சரி. லீவர், பிளவு வகைகளில் ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பும் திசை கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக இருக்கலாம். அதனால் கை பழக்கத்தை நம்பாமல் படத்தைப் பாருங்கள்.

படி 3: சோதியுங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் போடுவதை விட இதுதான் முக்கியம்.

முதலில் இக்னிஷனை ஆன் செய்து பின் கண்ணாடியை முழுதாக இறக்குங்கள். அடுத்து சென்ட்ரல் லாக்கை எடுத்துவிடுங்கள். அது போட்டபடியே இருந்தால், கதவு திறக்காததற்குக் காரணம் அதுவா சைல்ட் லாக்கா என்று தெரியாமல் போய்விடும். இப்போது வெளியே நின்றபடி கதவை மூடி, ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு உள் கைப்பிடியை இழுங்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கதவு திறக்கக் கூடாது. பிறகு வெளிக் கைப்பிடியை இழுங்கள், உடனே திறக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த கதவுக்குப் போங்கள்.

ஏன் வெளியே நின்று என்கிறேன் தெரியுமா? இரண்டு பக்கமும் லாக்கைப் போட்டுவிட்டு, சோதிக்கிறேன் பேர்வழி என்று பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டவன் நான். முன் சீட்டுகளுக்கு நடுவே கியர் மேல் ஊர்ந்து வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

கண்ணாடிக்கு வேறு பூட்டு

லீவர் வகை சைல்ட் லாக் கண்ணாடியைக் கட்டுப்படுத்தாது. ஓட்டுநர் கதவில் பவர் விண்டோ பட்டன்களோடு ஜன்னல் படம் போட்ட இன்னொரு பட்டன் இருக்கும், அதையும் அழுத்திவிடுங்கள். கண்ணாடி இறங்கியிருந்தால் விவரமான குழந்தை கையை வெளியே நீட்டி வெளிக் கைப்பிடியை இழுத்துவிடும். ஏறும் கண்ணாடியில் விரல் மாட்டும் ஆபத்து வேறு.

லாக் போட்ட காரில் கவனிக்க வேண்டியவை

பின்னால் பெரியவர்கள் ஏறினால் வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: "உள்ளேயிருந்து திறக்காது, நான் வந்து திறக்கிறேன்." சொல்லாவிட்டால் அவர்கள் பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கைப்பிடியை உடைத்துவிடுவார்கள். அவசரத்தில் பின்னால் இருப்பவர் வெளியேற வழி, சென்ட்ரல் லாக்கை எடுத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி (ஜன்னல் பட்டன் அழுத்தியிருந்தால் ஓட்டுநர்தான் இறக்க வேண்டும்) வெளிக் கைப்பிடியை இழுப்பது, இல்லையென்றால் முன்பக்கம் வருவது. வீட்டில் எல்லோருக்கும் இதை ஒரு முறை செய்தே காட்டுங்கள்.

ஐந்து நிமிட வேலைதானே என்று குழந்தையை உள்ளே விட்டுப் போவது எந்தக் காரிலும் கூடாது. வெயிலில் நிற்கும் கார் மிக வேகமாகச் சூடாகும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. சைல்ட் லாக் போட்டிருந்தால் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே வரவும் வழியில்லை.

அப்புறம், லீவர் இறுக்கமாக இருந்தால் குத்தித் தள்ளாதீர்கள். தூசியைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே அடித்து மெதுவாக அசையுங்கள். வெளிக் கைப்பிடி லேசாகத் தகராறு செய்தால், அதைச் சரிசெய்யும் வரை அந்தக் கதவில் சைல்ட் லாக் போட வேண்டாம். இரண்டு கைப்பிடியும் கைவிட்டால் அந்தக் கதவைத் திறக்க மெக்கானிக்தான் வர வேண்டும்.