சிம்800எல் போர்டு நெட்வொர்க் பிடிக்கவில்லையா? கரண்டைப் பாருங்கள்

தோட்டத்து மோட்டார் ஓடுகிறதா என்று எஸ்எம்எஸ்ஸில் தெரிந்துகொள்ளத்தான் சிம்800எல் போர்டு (சிம் கார்டு போட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் சின்ன போர்டு) வாங்கினேன். ஆர்டுயினோவில் புரோகிராம் ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. சிம்: இந்த போர்டுக்கு 2ஜி மட்டும்தான் தெரியும். ஜியோவில் 2ஜி கிடையாது, வேறு சிம் போடுங்கள். முதலில் சிம்மைப் போனில் போட்டு, அதன் PIN (ரகசிய எண்) லாக்கை எடுத்துவிடுங்கள்.

2. கரண்ட்: ஒரு வாரம் என்னைப் படுத்தியது இதுதான். போர்டில் உள்ள விளக்கு நொடிக்கு ஒருமுறை சிமிட்டும், திடீரென்று அணையும், மறுபடி முதலிலிருந்து. மல்டிமீட்டரோ 4.1 வோல்ட் என்று அசையாமல் நின்றது.

ஜிஎஸ்எம்மில் (2ஜி நெட்வொர்க்கின் முறை) ஒரு அலைவரிசையை 8 பேர் பங்கு போடுகிறார்கள், முறைத்தண்ணீர் மாதிரி. ஒரு முறை வெறும் 577 மைக்ரோநொடி. முழுச் சுற்று 4.615 மில்லிநொடி. பேசும்போது போன் தன் முறை வந்ததும் கத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளும், நொடிக்கு 217 தடவை. (ரேடியோ பக்கத்தில் போனை வைத்தால் ‘டிட்டிடிட்’ என்று கேட்குமே, அதற்கும் இந்தத் துடிப்புதான் காரணம்.) கத்தும் அந்தக் கணத்தில் போர்டு 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஜம்பர் ஒயரில் 0.3 ஓம் இருந்தாலே 0.6 வோல்ட் போய்விடும். 3.4க்குக் கீழே இறங்கினால் போர்டு அணைந்துவிடும். இவ்வளவு வேகமான சரிவு மீட்டரில் தெரியாது.

எல்எம்2596 பக் கன்வர்ட்டரை (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சின்ன போர்டு) 4.0 வோல்ட்டில் வையுங்கள். தடித்த, குட்டையான ஒயர். போர்டின் காலை ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

3. பதிவு: விளக்கு 3 நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் நெட்வொர்க் கிடைத்துவிட்டது. ‘ஏடி+சிஎஸ்க்யூ’ (சிக்னல் அளவைக் கேட்கும் கட்டளை) கேளுங்கள், 99 வந்தால் ஆன்டெனாவைப் பாருங்கள்.

4. எஸ்எம்எஸ்: ‘ஏடி+சிஎம்ஜிஎஃப்=1’ (செய்தியை எழுத்தாகவே அனுப்ப), அப்புறம் ‘ஏடி+சிஎம்ஜிஎஸ்’ கட்டளையில் பெறுபவர் எண், செய்தி, கன்ட்ரோல்-இசட். அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: தமிழில் அனுப்பலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அனுப்பலாம். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான். ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 கொள்ளும். தமிழுக்கு 16 பிட், எனவே 70. புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனியாக எண்ணப்படும்: ‘மோட்டார் ஓடுகிறது’ 17 இடம் பிடிக்கும். இந்த 16 பிட் எழுத்துக்காக ‘ஏடி+சிஎஸ்எம்பி’ கட்டளையில் கடைசி எண்ணை 8 ஆக்க மறக்காதீர்கள்.