முதல் குவில்ட் கட்டம்: நட்பு நட்சத்திரம்

குவில்ட் என்றால் துணித்துண்டுகளைச் சதுரக் கட்டங்களாகத் தைத்து, அவற்றைச் சேர்த்துச் செய்கிற போர்வை. மாதம் ஒரு கட்டம் என்று நாங்கள் சிலர் சேர்ந்து தைக்கத் தொடங்கியிருக்கிறோம். ஆவணிக்கு நட்பு நட்சத்திரம். 9 அங்குலக் கட்டம்தான், ஆனால் வருகிற ஆடிக்கூழ் நேரம் 12 கட்டம் சேர்ந்துவிடும், குறுக்கே 3, நெடுக்கே 4 என்று பொருத்தினால் 27க்கு 36 அங்குலத்தில் ஒரு கைக்குழந்தைப் போர்வை. வடிவம் அமெரிக்காவில் பழையது. அங்கே 1840களில் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு நண்பர்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்து, பெயரும் எழுதி, போர்வையாக்கிக் கொடுப்பார்களாம். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு நாலு போர்வை தைத்திருக்க வேண்டும்.

துணி புதிதாக வாங்கத் தேவையில்லை. ஒரு கருநிறம், ஒரு வெளிர்நிறம், இரண்டும் பருத்தி. நான் அப்பாவின் பழைய சாரத்தையும் பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் மிஞ்சிய துணியையும் எடுத்தேன். பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள்: பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலாகும், பொலியெஸ்ரர் உருகிக் கட்டியாகும். சீருடைத் துணி உருகியது, ஆகவே வெள்ளைக்கு ஒரு பழைய வேட்டி. முதலே நனைத்துக் காயவிட்டு அயன் பண்ணுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், சாயம் போவதும் இப்போதே போகட்டும்.

வெட்ட வேண்டியது: கருநிறத்தில் 3½ அங்குலச் சதுரம் 1, 4 அங்குலச் சதுரம் 2. வெளிர்நிறத்தில் 3½ அங்குலம் 4, 4 அங்குலம் 2. நான் பழைய எக்ஸ்றே படத்தில் இரண்டு அளவிலும் அச்சு வெட்டி வைத்திருக்கிறேன். கீழே துணி தெரியும், ஓரமும் தேயாது. இஞ்சி ரேப்பின் தகர நுனியிலிருந்து அளக்காதீர்கள், பழைய ரேப் என்றால் அந்த நுனி பொய் சொல்லும், அடிமட்டத்தால் அளவுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். தையலுக்கு விடுவது கால் அங்குலம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஒரு தையலில் அங்குலத்தில் 16இல் 1 பங்கு கூடினால் என்ன என்று நினைப்போம். அது தையலின் இரண்டு பக்கத்தையும் தின்னும், ஒரு வரிசையில் இரண்டு தையல், ஆக மொத்தம் கால் அங்குலம் போய்விடும். என் முதல் கட்டம் அப்படித்தான் சிறுத்துப் போனது. ஒரு கடதாசியின் வலது ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் கோடு கீறி, மெசினின் காலடியில் வைத்து, சில்லைக் கையால் சுற்றி ஊசியைக் கோட்டில் இறக்குங்கள். கடதாசி ஓரம் நிற்கிற இடத்தில், துணியை நகர்த்தும் பல்லை மூடாமல், பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டினால் அதுதான் வேலி. சோதிக்க, 1½ அங்குல அகலத்தில் மூன்று கீலங்களைச் சேர்த்துத் தைத்து மினுக்கிப் பாருங்கள், நடுக்கீலம் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். இல்லையா, பிளாஸ்டரைக் கொஞ்சம் தள்ளுங்கள்.

அப்புறம் முக்கோணங்கள். 4 அங்குலச் சதுரத்தில் கரு ஒன்றும் வெள்ளை ஒன்றும் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, வெள்ளையின் பின்புறத்தில் மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டின் இரு புறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டினால் இரண்டு சதுரம், ஒவ்வொன்றும் பாதி கரு பாதி வெள்ளை. மற்றச் சோடியிலும் இப்படியே, ஆக நாலு. கருப்பக்கம் மடித்து மினுக்கும்போது இஸ்திரிக்கையை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், மூலைவெட்டுத் துணி இழுபடும். அம்மம்மா பக்கத்தில் இருந்தால், "பிள்ளை, துணியை இழுக்காதை, அது தன்பாட்டில போகும்" என்பா. கொஞ்சம் பெரிதாக இருக்கும், 3½ அங்குல அச்சில் மூலைக்கு மூலை கீறிய கோடு தையலின்மேல் படும்படி வைத்துச் சரி செய்யுங்கள்.

மேசையில் 3க்கு 3 ஆகப் பரப்புங்கள்: நடுவில் கருச்சதுரம், மூலைகளில் வெள்ளை, இடையில் முக்கோணச் சதுரங்கள். கரு முக்கோணத்தின் ஒரு பக்கம் முழுதாக நடுச்சதுரத்தோடு ஒட்ட வேண்டும், நாலும் ஒரே திசையில் சுற்ற வேண்டும், ஓலைக் காற்றாடிபோல. ஒன்று திரும்பிக் கிடந்தாலும் நட்சத்திரம் நொண்டும், ஆகவே தைக்க முன் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது படத்தில் தெரியும்.

வரிசை வரிசையாகத் தையுங்கள். மேல், கீழ் வரிசைகளின் தையல்களை மூலைச் சதுரப் பக்கம் மடியுங்கள், நடு வரிசையை நடுச்சதுரப் பக்கம். வரிசைகளைச் சேர்க்கும்போது அந்த மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், விரலால் தடவினால் மேடு தெரியாது. அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தைத்தால் முனைகள் சந்திக்கும்.

முடிந்ததும் அளந்தால் 9½ அங்குலம் வர வேண்டும், சுற்றியுள்ள கால் அங்குலம் மற்றக் கட்டத்தோடு சேரத் தைப்பதற்கு. 9¼ வந்தால் அயன்பெட்டியால் இழுத்துச் சரிக்கட்டப் பார்க்காமல் தையலைப் பிரியுங்கள். மிஞ்சிய சாரத் துண்டைத் தூசு துடைக்க எடுத்துவிடாதீர்கள், புரட்டாதிக் கட்டத்துக்கும் அதே நிறம் வேண்டும்.