குவாரியால் பாதிக்கப்பட்ட ஊர் சிறு நிதியுதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

வெடியால் வீட்டுச் சுவர் விரிசல் விட்டு, கிணறு வற்றி, கிரஷர் தூசியால் பயிர் வெளுத்துப்போன ஊர்களில் உரிமைப் போராட்டம் பெரும்பாலும் மக்களின் கைக்காசில்தான் நடக்கிறது. ஆவண நகல், நில அளவை, தண்ணீர்ப் பரிசோதனை, சென்னைக்குச் சென்று வரும் செலவு என்று அந்தக் காசு கரைந்துபோகும்போது, நியாயமான வழக்குகூடப் பாதியில் நின்றுவிடுகிறது. இந்த நிலையில் இருக்கும் ஊர்களுக்குக் கைகொடுக்கவே சில அறக்கட்டளைகளும் மனித உரிமை அமைப்புகளும் சிறு நிதியுதவி வழங்குகின்றன. தமிழ்நாட்டில் இருக்கும் ஓர் ஊர்க் குழு அதை எப்படிக் கேட்டுப் பெறலாம் என்பதை இங்கே பார்க்கலாம்.

பணம் கேட்பதற்கு முன், பணமில்லாமலே முடியக்கூடிய வேலைகளை முதலில் முடித்துவிட வேண்டும். கிராம சபைத் தீர்மானத்துக்குச் செலவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகை பெறுவதற்கும் செலவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குத்தகை ஆணையையும் சுரங்கத் திட்டத்தையும் கேட்கும் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு 2024 நவம்பரில் வெளியானபோது, அந்த மாதம் 23ஆம் தேதியே கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அந்த ஏலப் பகுதிக்குள் வரும் அரிட்டாபட்டி 2022லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. மக்களின் தொடர் போராட்டத்துக்குப் பின், 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மான நகலும் மனு ஒப்புகையும் கையில் இருக்கும் ஊரின் விண்ணப்பத்தையே நிதி வழங்குவோர் நம்பிப் படிப்பார்கள். குடிநீர்த் தொட்டி, மருத்துவ முகாம் போன்ற தேவைகளை இந்த விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டாம். குத்தகைதாரர்கள் செலுத்தும் தொகையில் இயங்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளையிடம்தான் அவற்றைக் கேட்க வேண்டும்.

அடுத்து, விண்ணப்பத்தில் ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். “மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்” என்று எழுதப்பட்ட விண்ணப்பத்தால் யாருக்கும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி அமைவதைத் தடை செய்கின்றன. ஆகவே, “குவாரிக் குத்தகை நிலத்தின் எல்லையிலிருந்து நத்தத்தின் முதல் வீடு வரை உள்ள தூரத்தை உரிமம் பெற்ற நில அளவையரைக் கொண்டு அளந்து, புல எண்களோடு வரைபடம் தயாரித்து, புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுவோடு தாக்கல் செய்வோம்” என்று எழுதினால், என்ன நடக்கும், என்ன கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்று படிப்பவருக்கு உடனே விளங்கும். இதோடு, ஊர் ஏற்கெனவே வைத்திருக்கும் ஆதாரத்தையும் இணைக்க வேண்டும். ஒரு நோட்டில் வெடி வைத்த தேதி, நேரம், எத்தனை முறை, எந்த வீட்டில் எந்தச் சுவர் அதிர்ந்தது என்று அன்றன்றைக்கே எழுதி இருவர் கையெழுத்திட்டால் போதும். விரிசலைப் படம் எடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தைத் திரும்ப எடுத்தால், விரிசல் வளர்வது படத்திலேயே தெரியும்.

மிகவும் கவனம் தேவைப்படுவது பணம் வந்து சேரும் வழி. பதிவு செய்யாத ஊர்க் குழுவுக்கு நிதி கொடுக்கப் பலரும் தயங்குவார்கள் என்பதால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்து, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கைத் தொடங்குவது நல்லது. உள்நாட்டு நிதிக்கு இது பெரும்பாலும் போதும். வெளிநாட்டு நிதி என்றால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதில் பதிவு பெற, அமைப்பு மூன்றாண்டுகள் இயங்கி 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும்; சிறிய ஊர்ச் சங்கங்களுக்கு இது எட்டாத நிபந்தனை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை ஊர்ச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. எனினும், அந்த நிறுவனம் தன் குறிக்கோளுக்கு உட்பட்டு ஆய்வகத்துக்கும் நில அளவையருக்கும் தானே கட்டணம் செலுத்தி வேலையை முடித்துத் தரலாம்; ஊரின் கணக்கில் ஒரு ரூபாயும் வராமல் வேலை நடந்துவிடும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் தொகை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் கருதப்படும். ஐயம் இருந்தால், பணம் கணக்கில் ஏறுவதற்கு முன்பே இந்தச் சட்டம் தெரிந்த தணிக்கையாளரைக் கேட்டுவிட வேண்டும். ஏறிய பிறகு கேட்பது எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுப்பதாகும்.

பாதுகாப்பைப் பின்னிணைப்பாக வைக்காமல் திட்டத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து புகார் கொடுத்து வந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று இருசக்கர வாகனத்தில் சென்றபோது லாரி மோதி உயிரிழந்தார். அது கொலை வழக்காக விசாரிக்கப்பட்டது. ஆகவே புகார்களை ஒருவர் பெயரில் மட்டும் அனுப்பாதீர்கள். பலர் கையெழுத்திட்டு, நகல்களை வழக்கறிஞரிடமும் வெளியூரில் ஒருவரிடமும் வையுங்கள். நிதி வழங்கும் அமைப்பு பயனாளிகளின் பெயரையோ படத்தையோ வெளியிடுமா என்று முன்கூட்டியே கேட்டு, உங்களுக்கு அது வேண்டாம் என்றால், வெளியிட மாட்டோம் என்ற உறுதியை எழுத்தில் பெறுங்கள். கண்காணிப்புக் கேமரா, மிரட்டல் வந்தால் சில வாரம் வேறிடத்தில் தங்கும் செலவு ஆகியவற்றைச் செலவுத் திட்டத்தில் கூச்சமின்றிச் சேர்க்கலாம். இத்தகைய ஆபத்துக்கென்றே அயர்லாந்தில் இயங்கும் ஃப்ரண்ட் லைன் டிஃபென்டர்ஸ் என்ற மனித உரிமை அமைப்பு பாதுகாப்பு நிதியுதவி வழங்குகிறது; அந்தப் பணத்துக்கும் மேலே சொன்ன வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

செலவுத் திட்டம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. நில அளவையரிடமும் ஆய்வகத்திடமும் எழுத்தில் விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். ஷேர் ஆட்டோ, டீ போன்ற ரசீது கிடைக்காத செலவுகளுக்கு, தேதியும் காரணமும் எழுதி இருவர் கையெழுத்திட்ட வவுச்சர் வையுங்கள். கூலி வேலைக்குப் போகாமல் விசாரணைக்கு வரும் பெண்களின் ஒருநாள் கூலியையும் செலவாகக் காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் வசதியுள்ளவர்கள் மட்டுமே சாட்சி சொல்ல வருவார்கள்.

தேதியைக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள். குவாரிக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். நிதி வருவதற்குள் இந்தக் கெடு முடிந்துவிடும் என்று தெரிந்தால், ஊர்ப் பணத்தில் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்துவிட்டு, அடுத்த கட்டமான நிபுணர் அறிக்கைக்கு நிதி கேளுங்கள். முன்பே செலவழித்த பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

பணி முடிந்ததும் கணக்கை முதலில் ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, அதன் பிறகே நிதி வழங்கியவருக்கு அனுப்புங்கள். மிச்சம் இருந்தால் எவ்வளவு என்று எழுதி, திருப்பி அனுப்பவா, இன்ன வேலைக்குப் பயன்படுத்தவா என்று கேட்டு, பதில் எழுத்தில் வரும்வரை அதைக் கணக்கிலேயே விட்டுவையுங்கள்.