வேறு ரீஜியன் கேம் பழைய கன்சோலில் ஹேங் ஆனால் என்ன செய்வது?

ஜப்பான் கேமோ அமெரிக்க கேமோ ஓடாவிட்டால் எல்லோரும் முதலில் பழி போடுவது, வேறு நாட்டு கேமைத் தடுக்கும் ரீஜியன் லாக் மேல்தான். ஆனால் ரீஜியன் லாக் பெரும்பாலும் கேமைத் தொடங்கவே விடாது. அரை மணி நேரம் ஆடவிட்டு நடுவில் நிறுத்துவது அதன் வேலையல்ல. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். தொடக்கத்திலேயே கறுப்புத் திரை என்றால் லாக். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கேமுக்குள் இருக்கும் சோதனை, டைமிங் அல்லது அந்த இடத்தில் கீறிய டிஸ்க். நினைத்த நேரத்தில் நின்றால் கரண்ட், காண்டாக்ட், சூடு.

முதலில் அது ஹேங்தானா என்பதை உறுதி செய்யுங்கள். படம் உருள்கிறது, கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது, அல்லது திரை இருண்டும் இசை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கேம் நிற்கவில்லை. டிவி 60 ஹெர்ட்ஸையோ (நொடிக்கு 60 முறை படம் வரையும் ஜப்பான், அமெரிக்க முறை; ஐரோப்பாவில் 50) வேறு நாட்டுக் கலர் முறையையோ ஏற்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபி கேபிள் மாட்டினால் கலர் திரும்பிவிடும். 60 ஹெர்ட்ஸ் ஏற்காத டிவிக்கு வேறு டிவிதான் மருந்து.

அடுத்து, கன்சோலின் சொந்த ரீஜியன் கேம் ஒன்றை அதே அடாப்டரில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அதுவும் நின்றால் ரீஜியனை மறந்துவிட்டுக் கரண்ட்டைப் பாருங்கள்.

கன்சோலையே இறக்குமதி செய்திருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஜப்பான் கன்சோல்கள் 100 வோல்ட்டுக்கானவை, அமெரிக்கக் கன்சோல்கள் 120 வோல்ட்டுக்கானவை. 230 வோல்ட்டில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது. வெளி அடாப்டர் உள்ளவற்றில் ஆபத்து வேறு மாதிரி. சூப்பர் ஃபேமிகாமுக்கு (நின்டெண்டோவின் எஸ்என்இஎஸ் கன்சோலின் ஜப்பான் வடிவம்) 10 வோல்ட் டிசி, பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். அதற்கு முந்தைய நின்டெண்டோ கன்சோலான என்இஎஸ்ஸின் ஐரோப்பிய அடாப்டர் தருவதோ 9 வோல்ட் ஏசி. பிளக் கச்சிதமாகப் பொருந்தும் என்பதுதான் விபரீதம். சேகாவின் மெகா டிரைவ் முதல் மாடலுக்கு நடுமுனை நெகட்டிவ், இரண்டாம் மாடலுக்கு பாசிட்டிவ்.

அடாப்டர் சரியாக இருந்தும் நினைத்த நேரத்தில் நின்றால் மல்டிமீட்டர் எடுங்கள். எஸ்என்இஎஸ் போன்ற கன்சோலைத் திறக்க 4.5 மி.மீ. கேம்பிட் (தனி வடிவ ஸ்க்ரூடிரைவர் முனை) வேண்டும், கார்ட்ரிட்ஜுக்கு 3.8 மி.மீ. உள்ளே ஹீட்சிங்க்கில் திருகியிருக்கும் 7805 ரெகுலேட்டரை (மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் பாகம்) பாருங்கள்: எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடது கால் இன்புட், நடுவில் கிரவுண்ட், வலது கால் அவுட்புட். கேம் ஓடும்போதே அளக்க வேண்டும். பழைய அடாப்டர்கள் லோடு இல்லாதபோது 12 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டி ஏமாற்றும். அவுட்புட் 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 4.75-க்குக் கீழே போனால் ஹேங்கும் ரீசெட்டும் வரும். இன்புட் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குற்றவாளி பெரும்பாலும் அடாப்டர். இன்புட் நன்றாக இருந்தும் அவுட்புட் சரிந்தால் ரெகுலேட்டர் அல்லது கெபாசிட்டர். உள்ளேயே பவர் சப்ளை உள்ள கன்சோலை இப்படித் திறந்து அளக்க வேண்டாம், அதில் மெயின்ஸ் ஓடுகிறது. சேகாவின் ட்ரீம்காஸ்ட் தானாக ரீசெட் ஆனால் மட்டும், பிளக்கைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு, பவர் போர்டு உட்காரும் பின்களில் படிந்த கருமையைத் துடையுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்தது.

கார்ட்ரிட்ஜ் காண்டாக்ட்டுக்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். பஞ்சு கறுப்பாக வராத வரை துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் அரிக்கும். உப்புத்தாள் தங்க முலாமையே உரித்துவிடும்.

கன்சோல் நன்றாக இருக்கிறது, வேறு ரீஜியன் கேம் மட்டும்தான் படுத்துகிறது என்றால் இனி லாக்.

அமெரிக்க எஸ்என்இஎஸ்ஸுக்கும் சூப்பர் ஃபேமிகாமுக்கும் லாக் சிப் ஒன்றுதான். வித்தியாசம் ஸ்லாட்டின் பிளாஸ்டிக்கில். நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான என்64-லும் அமெரிக்கா, ஜப்பானுக்கு இதே கதை. ஐரோப்பிய எஸ்என்இஎஸ்ஸில் சிப் வேறு என்பதால் உள்ளூர் கார்ட்ரிட்ஜைப் பின்னால் செருகும் கன்வெர்ட்டர் வேண்டும். அதை வாங்கும்போது பின்களை எண்ணுங்கள். ஸ்லாட்டில் மொத்தம் 62 பின். சாதாரண கேம்கள் நடுவிலுள்ள 46-ஐ மட்டும் தொடும். மலிவான கன்வெர்ட்டர்களும் அந்த 46-ஓடு நின்றுவிடும். கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் என்ற கூடுதல் கிராபிக்ஸ் சிப் உள்ள கேம்களுக்கு ஓரப் பின்களும் தேவை, ஆகவே அவற்றில் கறுப்புத் திரைதான்.

லாக்கைத் தாண்டியும் எச்சரிக்கை வாசகத்தோடு நின்றால், கேமே கன்சோல் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று கேட்டுப் பார்த்திருக்கிறது. மெகா டிரைவில் இதற்கு இரண்டு சுவிட்ச் வைப்பார்கள்: ஒன்று மொழிக்கு, ஒன்று ஹெர்ட்ஸுக்கு. ஆன் செய்யும் முன்பே இரண்டையும் கேமின் நாட்டுக்கு வையுங்கள். பல கேம்கள் தொடக்கத்தில் மட்டுமே சோதிப்பதால் டைட்டில் வந்தபின் மாற்றினாலும் ஓடும்.

டைமிங் தகராறு என்இஎஸ்ஸில் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவே திரை ஓய்வெடுக்கும் நேரம் ஐரோப்பிய மாடலில் 70 வரி, அமெரிக்க மாடலில் 20 வரி. அந்த 70 வரியை நம்பி எழுதிய கேம் 20 வரிக்குள் வேலையை முடிக்க முடியாமல் படத்தைச் சிதைக்கும், சிலது அப்படியே நிற்கும். இதைச் சுத்தம் செய்து தீர்க்க முடியாது. அந்த கேமுக்கு 50 ஹெர்ட்ஸ் கன்சோல்தான் வழி.

பிளேஸ்டேஷன் ஒன்றில் மோட்சிப் (லாக்கைத் தாண்ட உள்ளே சேர்க்கும் சிப்) போட்டவர்களுக்குத் தனித் தலைவலி உண்டு. பழைய சிப்கள் ரீஜியன் குறியீட்டை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பின்னாளில் வந்த சில ஜப்பான், அமெரிக்க கேம்கள் அதை வேவு பார்த்து, எச்சரிக்கைத் திரை காட்டி நின்றுவிடும். தொடக்கத்தில் மட்டும் அனுப்பி அடங்கும் ஸ்டெல்த் சிப்புக்கு மாறுங்கள், அல்லது சிப்புக்கு ஒரு சுவிட்ச் வைத்து, கறுப்புப் பின்னணியில் லோகோ வந்தவுடன் அணையுங்கள். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் வீடியோ காட்சியில் திக்கித் திக்கி நின்றால் அது சிப் அல்ல, லென்ஸ்: டிஸ்க்கை இடைவிடாமல் படிக்க வேண்டிய இடம் அதுதான். தொடக்க கால மாடல்களில் லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் தடமே தேய்ந்துவிடும். கன்சோலைத் தலைகீழாக வைத்தால் ஓடுகிறதா? அப்படியானால் லென்ஸ் யூனிட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. டிஸ்க்கைத் துடைப்பது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராக, வட்டமாக அல்ல.

சேகாவின் சாட்டர்னில் கேம் கேட்கும் கார்ட்ரிட்ஜையும் சரிபாருங்கள். எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு 4 எம்பி ரேம் கார்ட்ரிட்ஜ் கட்டாயம். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 தன் சொந்த ரோம் (ROM) கார்ட்ரிட்ஜோடுதான் ஓடும், எந்த ரேம் கார்ட்ரிட்ஜும் அதற்கு ஈடாகாது. கேம்க்யூபில் ஜப்பான் கேமுக்குத் தனி மெமரி கார்டு ஒதுக்குங்கள். எழுத்துக் குறியீட்டு முறை வேறு என்பதால், மற்ற நாட்டு கேம்கள் சேமித்த கார்டைப் பார்த்ததும் அது ஃபார்மேட் செய்யச் சொல்லும். சரி என்று அழுத்தினால் பழைய சேவ் எல்லாம் போய்விடும்.