மெட்டல் டிரம்மர் மறைந்தால்: அஞ்சலிக் கூட்டம் நடத்தும் முறை

மெட்டல் டிரம்மர் ஒருவர் போய்விட்டார் என்று ரசிகர்கள் கூடும் இடத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பாடகர் படம் போட்ட டீ-ஷர்ட்கள் வரும், கிதார் சோலோவுக்குக் கை தட்டுவார்கள், கோரஸ் வந்ததும் மொத்தக் கூட்டமும் கத்தும். போனவர் வாசித்தது மட்டும் யார் காதிலும் விழாது. டிரம்மருக்கு அஞ்சலி என்றால் அன்றைக்கு டிரம்ஸ்தான் முன்னால் கேட்க வேண்டும். கீழே உள்ள எல்லா ஏற்பாடும் அதற்காகத்தான்.

உதாரணத்துக்கு பான்டேரா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் டிரம்மர் வின்னி பால். 1964 மார்ச் 11-இல் டெக்சாஸின் அபிலீன் ஊரில் பிறந்த அவர் (முழுப் பெயர் வின்சென்ட் பால் ஆபட்), 2018 ஜூன் 22-இல் லாஸ் வேகாஸில் இறந்தார். வயது 54. தம்பியும் பான்டேராவின் கிதார் கலைஞருமான டைம்பேக் டாரல் 2004 டிசம்பர் 8-இல் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். அதனால் வின்னிக்கான துக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். வேறு டிரம்மர் என்றால் பாட்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள், முறை இதேதான்.

முதல் சில நாட்கள்

செய்தியை இசைக்குழுவின் அல்லது குடும்பத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் பார்த்த பிறகே பகிருங்கள். வின்னி இறந்தபோது பான்டேராவின் ஃபேஸ்புக் பக்கம் மரணத்தை மட்டும் அறிவித்தது, காரணம் சொல்லவில்லை. ஆகஸ்டில்தான் அது தெரியவந்தது: இதயத் தசை விரிந்து வலுவிழக்கும் நோய், கூடவே இதய ரத்தக் குழாய்களில் கடுமையான அடைப்பு. இடைப்பட்ட இரண்டு மாதமும் ஆளாளுக்கு ஒரு காரணம் எழுதித் தள்ளினார்கள். அஞ்சலி போஸ்டரில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், வாசித்த குழுக்கள் போதும். காரணம் எழுத வேண்டாம்.

குடும்பம் நடத்தும் அடக்கமும் ரசிகர்களுக்கான பொது அஞ்சலியும் வேறு வேறு. வின்னிக்குப் பொது அஞ்சலி டல்லஸில் பாம் ஃபேக்டரி அரங்கில் ஜூலை 1-இல் நடந்தது. ரசிகர்கள் போக வேண்டிய இடம் அதுதான். அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்று துப்பறிய வேண்டியதில்லை.

நினைவு டீ-ஷர்ட் விற்பவர்கள் இரண்டாவது நாளே முளைத்துவிடுவார்கள். ‘கையெழுத்திட்ட ஸ்டிக்’ விற்பவர்களும் அப்படித்தான். குழுவின் சொந்தக் கடையில் இல்லாத எதையும் முதல் மாதத்தில் வாங்காதீர்கள்.

கேட்பதற்கான ஏற்பாடு

கூட்டத்தின் உயிர் இதில்தான். ஐந்து பாட்டு, சுமார் 22 நிமிடம். அதைத் தாண்டினால் பேச்சு ஆரம்பித்துவிடும்.

முதலில் பான்டேராவின் 1990 ஆல்பத்தின் ‘பிரைமல் கான்க்ரீட் ஸ்லெட்ஜ்’. இரண்டே கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும், டிரம்ஸை வைத்தே தொடங்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேச இடமே தராது. அடுத்து அதே ஆல்பத்தின் ‘டாமினேஷன்’. அதன் முடிவில் வேகம் சட்டென்று இறங்கிக் கனக்கும் இடத்துக்காகவே இந்தத் தேர்வு. மூன்றாவது, 1992-இன் ‘வாக்’. நான்காவது, 1994-இன் ‘பிகமிங்’. அது இடம்பெற்ற ஆல்பம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் இறங்கியது. அந்தப் பாட்டில் கால்கள் இரண்டும் செய்கிற வேலையைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே டபுள் பெடல் (கிக் என்ற பெரிய டிரம்மை இரண்டு காலாலும் அடிக்கும் கருவி) வாங்கியது. கடைசியாக 1992 ஆல்பத்தை முடித்துவைக்கும் ‘ஹாலோ’. மெதுவாகத் தொடங்கிப் பிறகு வெடிக்கும் பாட்டு. இதை முதலில் போட்டால் கூட்டம் அழுது ஓய்ந்துவிடும், அப்புறம் எதையும் கவனிக்காது. கடைசியில் இருப்பதுதான் சரி.

நேரம் இருந்தால் ஹெல்யா என்ற குழுவின் பாட்டு ஒன்றைச் சேருங்கள். 2006 முதல் இறக்கும்வரை அவர் அந்தக் குழுவில்தான் இருந்தார். அவர் வாசித்துவைத்த கடைசி ஆல்பம் 2019-இல், அவர் போன பிறகு வந்தது. பான்டேராவோடு நிறுத்திக்கொள்வது வாழ்க்கையின் கடைசிப் பன்னிரண்டு வருடத்தைக் கத்தரித்துவிடுவது மாதிரி.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒருவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். ‘இதில் வலது கை எங்கே அடிக்கிறது என்று பாருங்கள்’, ‘முடிவில் கிக்கையும் கிதாரையும் சேர்த்துக் கேளுங்கள்’ என்பது போல. உரை வேண்டாம். டிரம்ஸ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எதைக் கேட்பது என்று காட்ட அந்த ஒரு வாக்கியம் போதும்.

இனி ஒலி. புளூடூத் ஸ்பீக்கர் உதவாது. சத்தம் ஏற்றியதும் உள்ளேயே இருக்கும் லிமிட்டர் ஒவ்வொரு கிக் அடியையும் அமுக்கிவிடும். கேபிள் போட்டு, இரண்டு முழு அளவு ஸ்பீக்கர், முடிந்தால் ஒரு சப்வூஃபர். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி, போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அஞ்சலி நடுவே விளம்பரமோ வாட்ஸப் மணியோ வந்தால் அந்த மௌனத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எல்லோரும் செய்யும் தவறு பாஸ் பூஸ்ட், அதாவது தாழ்ந்த ஒலியை மட்டும் ஏற்றுவது. ‘மெட்டல்தானே, அதிரட்டும்’ என்று ஏற்றிவிடுவார்கள். கணக்குப் பாருங்கள்: நிமிடத்துக்கு 180 பீட் வேகத்தில் டபுள் பெடல் பதினாறாம் சுரங்களாக (ஒரு பீட்டுக்கு நான்கு அடி) ஓடினால் நொடிக்கு 12 அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சுமார் 83 மில்லிநொடிதான். அறையில் பாஸ் அதற்கு மேல் தங்கினால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் உறுமலாகிவிடும். வின்னியின் கிக் சத்தமே அந்தக் கூர்மையான ‘டிக்’தான், அது காணாமல் போகும். ஆகவே சப்வூஃபரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள், சுவரிலிருந்து இரண்டு மூன்றடியாவது தள்ளி. மிக்ஸரில் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறையுங்கள். கிக்கின் அடிவயிறு 60–80 ஹெர்ட்ஸில் இருக்கிறது, பீட்டர் (பெடலின் நுனியில் உள்ள சுத்தி) தோலில் மோதும் சத்தம் 3–5 கிலோஹெர்ட்ஸில். இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் அறை தயார். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் ஜமுக்காளம் விரித்து, தடித்த திரை கட்டுங்கள். அது பாஸை அடக்காது, ஆனால் சிம்பல் எதிரொலி குறையும்.

காதுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்பது பொதுவான வரையறை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் பதினைந்து நிமிடம். போன் செயலி காட்டும் அளவு துல்லியமில்லை என்றாலும் எச்சரிக்கைக்கு உதவும். நேரடி டிரம்ஸ் இருந்தால் வாசலிலேயே இயர்பிளக் டப்பா வையுங்கள்.

ஆளில்லாத டிரம் செட்

மேடையில் காலி டிரம் செட்டை வைத்து, ஸ்டூலில் ஒரு தொப்பியோ படமோ வைப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது அந்தக் காலி செட் தானாக முனகும்: ஸ்னேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிகள் பாஸுக்கு அதிர்ந்து ‘ஸ்ஸ்ர்ர்’ என்று இழுக்கும். கூட்டத்தில் பாதிப் பேர் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஸ்னேரின் பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோலைக் கீழே தட்டிக் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். டாம்களும் (செட்டில் உள்ள மற்ற டிரம்கள்) முனகினால் மேலே ஆளுக்கொரு துண்டு.

மெழுகுவத்தியை டிரம் மேல் வைக்கவே கூடாது. தோல் என்று சொன்னாலும் அது பாலியஸ்டர் படலம், சூட்டில் சுருங்கி ஓட்டை விழும். ஒரு மீட்டராவது தள்ளி, கொடி, பேனர் பக்கம் போகாமல் வையுங்கள். பேட்டரி மெழுகுவத்தி இன்னும் நல்லது.

மௌனம் ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். முடிவை அறிவிக்க மைக்கில் பேச வேண்டியதில்லை. ஒரு டிரம்மர் இரண்டு ஸ்டிக்கையும் தட்டி நான்கு எண்ணட்டும், நான்காவது தட்டு முடிந்ததும் முதல் பாட்டு. அந்த இடைவெளி சரியாக விழ, பாட்டை முன்பே ஓடவிட்டு முதல் நொடியில் நிறுத்திவைத்திருக்க வேண்டும்.

நேரில் வாசிப்பதானால்

ஒரு பாட்டு போதும், அது ‘வாக்’ ஆகவே இருக்கட்டும். எளிது என்று நினைத்து எல்லோரும் சொதப்புவது இதில்தான். தாளம் 12/8, அதாவது ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிரியும். ‘தகிட தகிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டே கிதார் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் வரி) கேட்டால் புரிந்துவிடும். நேரான எட்டாம் சுரங்களாக (ஒரு பீட்டுக்கு இரண்டு அடி) வாசித்தால் அந்த நடையே போய்விடும், வேகம் சரியாக இருந்தாலும். வேகம் நிமிடத்துக்கு 118 பீட் அருகில். மெட்ரோனோமை 80-இல் வைத்துத் தொடங்கி, நடை உட்கார்ந்த பிறகு நான்கு நான்காக ஏற்றுங்கள். மேடையில் உணர்ச்சிவசப்பட்டு வேகம் கூடும். டிரம்மரின் காதில் மெட்ரோனோமின் கிளிக் ஓடினால் தப்பலாம்.

இரண்டு கிக் டிரம் கிடைக்காவிட்டால் டபுள் பெடல் போதும். இடது பெடலை இணைக்கும் தண்டின் திருகுகள் மெல்ல மெல்லத் தளரும், பாட்டுக்கு முன் சாவியால் இறுக்குங்கள். இடது பெடல் நழுவாமல் இருக்க அடியில் வெல்க்ரோ, கிக் டிரம் முன்னே ஓடாமல் இருக்க முள் கால்கள் ஊன்றக் கம்பளம். மழமழப்பான தரையில் கம்பளம் இல்லாமல் வாசித்தால் இரண்டாவது பல்லவிக்குள் கிக் கைக்கெட்டாத தூரத்தில் நிற்கும். கூர்மையான சத்தத்துக்குக் கம்பளி பீட்டரை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் அல்லது மரம், அடிபடும் இடத்தில் ஒட்டுப் பட்டை. பட்டை இல்லாமல் மர பீட்டர் போட்டால் தோல் சீக்கிரம் குழிந்து கிழியும். உள்ளே ஒரு தலையணை, பின்தோலை லேசாகத் தொட்டால் போதும். அமுக்கி அடைத்தால் அட்டைப்பெட்டிச் சத்தம்தான் வரும். மைக்கை முன்தோல் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, பீட்டர் படும் இடத்திலிருந்து 5–10 சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். உபரியாக ஒரு கிக் தோல், மூன்று ஜோடி கனமான ஸ்டிக், டிரம் சாவி, காஃபர் டேப்.

கையெழுத்து, கல்லறை

இரங்கல் நோட்டுக்குப் பதில் ஒரு டிரம் தோலில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளைப் பூச்சுள்ள, சொரசொரப்பான தோல் வாங்குங்கள். கண்ணாடி போன்ற தோலில் மார்க்கர் மை கைபட்டால் அழியும். 14 அங்குலத்தில் முப்பது நாற்பது பேர் எழுதலாம். அதைக் கேட்காமல் குடும்பத்துக்கு அனுப்பாதீர்கள், வைக்க அவர்களுக்கும் இடம் வேண்டும்.

டெக்சாஸ் போக வாய்த்தால், வின்னி அடக்கமாகியிருப்பது ஆர்லிங்டனில் மூர் மெமோரியல் கார்டன்ஸில், அம்மா கரோலினுக்கும் தம்பிக்கும் பக்கத்தில். டல்லஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே உள்ள ஊர், இரண்டுக்கும் பொதுவான விமான நிலையத்திலிருந்து தொலைவில்லை. நினைவு நாளான ஜூன் 22-இல் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், மதிய வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ஸ்டிக், கிதார் பிக் போன்ற சின்னப் பொருள் வைக்கலாம், பிறகு ஊழியர்கள் அகற்றுவார்கள் என்ற நினைப்போடு. கண்ணாடி பாட்டில் வேண்டாம், புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கினால் சிதறும். கல்லில் எழுதுவது, ஒட்டுவது, மெழுகு சொட்டுவது எதுவும் கூடாது. 2020-இல் டைம்பேக்கின் கல்லில் யாரோ கீறி வைத்துவிட்டார்கள். அங்கே கவனம் அதிகம் என்பதில் ஆச்சரியமில்லை.

சண்டையைத் தள்ளிப்போடுங்கள்

வின்னிக்கும் பாடகர் ஃபில் அன்செல்மோவுக்கும் கடைசிவரை சமரசம் ஆகவில்லை. 2022 டிசம்பரில் மெக்சிகோவில் அன்செல்மோவும் பாஸ் கிதார் கலைஞர் ரெக்ஸ் பிரவுனும், கிதாரில் ஸாக் வைல்டையும் டிரம்ஸில் சார்லி பெனான்டேயையும் வைத்து பான்டேரா பெயரில் மேடையேறியது முதல், ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தே பேசுகிறார்கள். அந்த விவாதத்தை யாராவது நிச்சயம் எடுப்பார்கள். ‘பாட்டு முடிந்து வெளியே போய்ப் பேசலாம்’ என்று சொல்ல ஒருவரை முன்பே நியமித்துவிடுங்கள். மைக்கை அவர் கையிலேயே கொடுப்பது இன்னும் நல்லது.

விஸ்கியில் கொஞ்சமே கொஞ்சம் கோலா ஊற்றிய டைம்பேக்கின் பானத்தை உயர்த்துவது இந்தக் குழுவின் ரசிகர்களிடையே மரபு. வண்டி ஓட்டுபவருக்கு அதே கிளாஸில் வெறும் கோலா கொடுங்கள்.

நிகழ்ச்சியைப் பதிவுசெய்து ஏற்றப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: ஸ்பீக்கரில் ஓடிய அசல் பாட்டு வீடியோவில் இருந்தால் யூடியூப் அதை உரிமைக் கோரிக்கையில் பிடித்து ஒலியை நிறுத்தலாம், சில நாடுகளில் வீடியோவையே மறைக்கலாம். கேட்கும் பகுதியைப் பதிவிலிருந்து விட்டுவிடுங்கள். நீங்களே வாசித்த ‘வாக்’, ஸ்டிக் எண்ணிக்கை, கையெழுத்துத் தோல், இவ்வளவையும் மட்டும் ஏற்றுங்கள். நீங்களே வாசித்ததற்கும் கோரிக்கை வரக்கூடும், ஆனால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போவதோடு சரி, வீடியோ நிற்கும்.