பின் டிஃபரன்ஷல் சத்தமா? கழற்றும் முன் இதைப் பாருங்கள்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது பழைய காரின் பின்பக்கம் "ஊ...ங்" என்று ஊளையிடுகிறதா? அக்சிலேட்டரை விட்டதும் சத்தம் மாறினால் டிஃபரன்ஷலை, அதாவது பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியை, சந்தேகியுங்கள். வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் வீல் பேரிங். கியர் போட்டதும் "டக்" என்றால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பொக்ஸிலிருந்து பின்னுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஜொயின்ட்டை ஆட்டிப் பாருங்கள். அதைப் பார்க்காமல் டிஃபரன்ஷலையே மாற்றிக் காசை விட்டவர்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

சரி, டிஃபரன்ஷல் ஒயிலை வடிக்கும் முன் அதை நிரப்பும் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது இறுகி நின்றால் புது ஒயில் ஊற்ற முடியாமல் வண்டி நகராது. ஒயிலில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் பயமில்லை. விரலில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கலாம்.

பாவித்த டிஃபரன்ஷல் வாங்கினால் பற்களை எண்ணுங்கள். கிரவுனில் (பெரிய பல்சக்கரம்) 41, பினியனில் (அதைச் சுழற்றும் சிறியது) 10 என்றால் விகிதம் 4.1. உங்களுடையதைவிடக் குறைந்தால் ஏற்றத்தில் வண்டி திணறும்.