ஆதி கிறிஸ்தவம் பரவிய வரைபடம்: காரைக்குடிப் பள்ளிக் கண்காட்சிக்கு

முழு சார்ட் ஒன்றும் நீலம், பச்சை, சிவப்பு ஸ்கெட்சும் போதும். 1 செ.மீ.க்கு 100 கி.மீ. என்று அளவு வையுங்கள். எருசலேமிலிருந்து அந்தியோக்கியா சுமார் 5 செ.மீ., ரோம் சுமார் 23 செ.மீ. தள்ளி வரும்.

முதலில் கடற்கரை, துறைமுகம், ரோமானியச் சாலை. இன்றைய நாட்டு எல்லைகளைப் போட்டால் படம் கெட்டது. இந்த நம்பிக்கை பரவியது ஊர் விட்டு ஊர். எபேசு, கொரிந்து, அலெக்சாந்திரியாவைப் பெரிய புள்ளியாக்குங்கள். போன ஊரில், கிறிஸ்தவத்தைப் பரப்பிய அப்போஸ்தலர் பவுல் பெரும்பாலும் முதலில் தேடியது யூத ஜெப ஆலயத்தை. வெளியூர் போகும் நகரத்தாருக்கு விடுதி மாதிரி என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

கி.பி. 64 வரை, அதாவது பேரரசர் நீரோ காலத்து ரோம் தீ வரை, கிறிஸ்தவம் எட்டிய ஊர்களுக்கு நீலப் புள்ளி. 313 வரை, அதாவது ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்கு அனுமதி தந்த மிலான் அறிவிப்பு வரை, பச்சை. அதற்குப் பிறகு சிவப்பு. பலரும் தவறுவது இங்கேதான்: மாகாணம் முழுக்க வண்ணம் அடித்துவிடுகிறார்கள். 313-இலும் பேரரசில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மைதான், ஆகவே புள்ளியோடு நிறுத்துங்கள். பித்தினியாவில் (இன்றைய துருக்கியின் வடமேற்கில் இருந்த ரோமானிய மாகாணம்) மட்டும் சிறு புள்ளிகளைக் கிராமப்புறத்திலும் தூவலாம். 112 வாக்கில் ஆளுநர் பிளினி, கிராமங்களுக்கும் பரவிவிட்டதென்று பேரரசர் திராயானுக்கு எழுதியிருக்கிறார்.

கி.பி. 52-இல் இயேசுவின் சீடர் தோமா கேரளக் கரைக்கு வந்தார் என்பது மரபுச் செய்தி. இந்த அளவில் பேரரசு முழுவதையும் வரைந்தால், அவர் இறங்கியதாகச் சொல்லப்படும் கொடுங்கல்லூர் தாளுக்குள் அடங்காது. செங்கடலிலிருந்து வலது ஓரம் வரை புள்ளிக்கோடு இழுத்து, ‘மரபு’ என்று எழுதுங்கள்.